ஒரு தண்ணீரில் விளையும் கோதுமை: பூசா முதல் மால்வா வரை

திங்கள், டெல்லி

பிப்ரவரி கடைசியில் டெல்லியில் கோதுமை கதிர் விடத் தொடங்குகிறது. பயிர்ப்பெருக்க ஆய்வாளர்களுக்கு ஆண்டிலேயே மூச்சு விட நேரமில்லாத நாட்கள் இவை. கலப்பு செய்வதென்றால் இப்போதே செய்ய வேண்டும். விட்டால் ஒரு பருவம் போயிற்று. அதனால்தான் இந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்து வந்தேன். வறட்சி தாங்கும் குணத்தை ஒரு கோதுமை ரகத்திலிருந்து இன்னொரு ரகத்துக்கு மரபணுக் குறிப்பான்களின் துணையோடு எப்படிக் கொண்டுபோகிறார்கள் என்பதை வயலிலேயே பார்க்க வேண்டும் என்பது வெகுநாள் ஆசை.

இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தை இங்கே எல்லோரும் 'பூசா' என்றுதான் சொல்கிறார்கள். 1905-இல் பீகாரின் பூசாவில் தொடங்கிய நிறுவனம், 1934 நிலநடுக்கத்தில் கட்டடம் இடிந்தபின் 1936-இல் டெல்லிக்கு வந்தது. நகரம் நாலாபுறமும் நெருக்கிக்கொண்டு வளர்ந்துவிட்ட பிறகும் நடுவில் இத்தனை வயல்கள் தப்பிப் பிழைத்திருப்பதைப் பார்க்க மனம் நிறைகிறது.

எனக்கு வயலைக் காட்டியவர் தருமபுரிப் பக்கத்துப் பெண். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு இங்கே முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். "நின்றுகொண்டு பார்த்தால் ஒன்றும் தெரியாது அக்கா, வரப்பில் உட்காருங்கள்" என்று சொல்லி, அப்போதுதான் இலையுறையை விட்டு வெளியே வந்திருந்த ஒரு கதிரைக் கையில் பிடித்தார்.

முதலில் கதிரின் அடியிலும் நுனியிலும் இருக்கும் வலுவில்லாத சிறுகதிர்களை வெட்டி எறிந்தார். மிஞ்சிய ஒவ்வொரு சிறுகதிரிலும் நடுப் பூக்களை இடுக்கியால் பிடுங்கினார். ஓரத்துப் பூக்கள் இரண்டு மட்டும் நின்றன. உமியின் நுனியைச் சற்றே நறுக்கி, இடுக்கியை உள்ளே விட்டு, பூவுக்கு மூன்றாக இருக்கும் மகரந்தப்பைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். மூன்று மில்லிமீட்டர் நீளம் இருந்தால் அதிகம். இன்னும் பச்சையாகவே இருந்தன. மஞ்சளாகிவிட்ட கதிரைத் தொடமாட்டார்களாம். கோதுமை தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர். பை வெடித்துவிட்டால் வேலை வீண். ஒரு பூவில் ஒரே ஒரு பை தங்கிவிட்டாலும் அந்தக் கதிரில் விளையும் மணிகளை நம்ப முடியாது. முழுக் கதிரையும் முடித்ததும் பட்டர் பேப்பர் உறையை மாட்டி, பென்சிலால் தேதி எழுதினார். பேனா மை பனியில் கரைந்துவிடும்.

இரண்டு மூன்று நாளில் சூல்முடி இறகாக விரிந்ததும் அடுத்த பெற்றோரின் கதிரைக் கொண்டுவந்து, பூக்களின் நுனியை நறுக்கிச் சற்று நேரம் வெயிலில் காட்டுவார்கள். மகரந்தப்பைகள் தாமாக வெளியே தள்ளிக்கொண்டு வரும். அந்தக் கதிரை உறைக்குள் தலைகீழாக விட்டுச் சுழற்றிவிட்டால் கலப்பு முடிந்தது. உயிரித் தொழில்நுட்பம் என்று நாம் பேசுவதெல்லாம் இந்த இடுக்கியில்தான் தொடங்கி இந்த இடுக்கியில்தான் முடிகிறது. இயந்திரம் எதுவும் இந்த வேலையை இவர்களிடமிருந்து இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை.

அவர் கலக்கும் பெற்றோர் இருவர். ஒன்று, நல்ல விளைச்சல் தரும், விவசாயிகளுக்குப் பழகிய ரகம். இன்னொன்று, தண்ணீர் குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும் எச்ஐ 1500. இதே நிறுவனத்தின் இந்தூர் நிலையம் தந்தது. எச்ஐ 1500-இன் வறட்சி தாங்கும் மரபணுப் பகுதிகளை, மத்திய இந்தியாவில் பேர்பெற்ற ஜிடபிள்யூ 322 ரகத்துக்குள் கொண்டுவந்து இங்கேயே ஏற்கெனவே ஆய்வு செய்து வெளியிட்டும் இருக்கிறார்கள். இவருடைய வேலை அதன் தொடர்ச்சி. கொடுப்பவர் ஒரு ரகம், வாங்கிக்கொள்பவர் ஒரு ரகம். வாங்கிக்கொள்பவரின் மற்ற எல்லாக் குணங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

செவ்வாய், டெல்லி

இன்று முழுக்க ஆய்வகம்.

எந்தச் செடியைக் கலப்பது என்று நேற்று அவர் வயலில் யோசிக்கவே இல்லை. வரிசையில் இருந்த செடிகளில் பாதிக்கு மேல் சிவப்பு நூல் கட்டியிருந்தது. நூல் இல்லாதவற்றின் பக்கமே போகவில்லை. அந்த முடிவு ஜனவரியிலேயே ஆய்வகத்தில் எடுக்கப்பட்டது. டிசம்பரில் செடிகள் மூன்று நான்கு இலை விட்டபோதே ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு இலை கிள்ளி, எண் எழுதிய சிறு குப்பியில் போட்டு உறைய வைத்துவிடுகிறார்கள். செடி பூப்பதற்குள் விடை தெரிந்தாக வேண்டும். சந்தேகமான சில மாதிரிகளை இன்று மறுபடி ஓட்டினார். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

இலையைத் திரவ நைட்ரஜன் ஊற்றி அரைத்துப் பொடியாக்கி, கரைசலில் கலந்து 65 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் வைத்தார். பிறகு குளோரோபார்ம் சேர்த்துச் சுழற்றி, மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து, குளிர்ந்த ஐசோபுரோபனால் விட்டுக் குப்பியை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினார். வெள்ளை நூலிழை ஒன்று சுருண்டு மிதந்தது. கண்ணாடி எதுவும் இல்லாமல் வெறும் கண்ணுக்கே தெரிகிறது டிஎன்ஏ. கோதுமையில் அது கொஞ்சநஞ்சமில்லை. நெல்லின் மரபணுத்தொகை, அதாவது அதன் முழு டிஎன்ஏ தொகுப்பு, சுமார் 40 கோடி எழுத்துகள். மனிதனுடையது சுமார் 300 கோடி. ரொட்டிக் கோதுமையுடையது 1,600 கோடிக்கும் மேல். மூன்று புல்வகைகளின் மரபணுத்தொகைகள் இயற்கையாகவே ஒன்றுசேர்ந்து உருவான பயிர் என்பதால் ஏ, பி, டி என்று மூன்று தொகுதிகள், மொத்தம் 21 இணைக் குரோமோசோம்கள். அதில் எண்பது சதவீதத்துக்கும் மேல் திரும்பத் திரும்ப வரும் எழுத்துகள். முழு வரைபடம் 2018 ஆகஸ்டில்தான் வெளியானது. ஒரு லட்சத்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள். இந்தியாவின் பங்கு 2ஏ குரோமோசோம். டெல்லியிலும் லூதியானாவிலும் உள்ள நிறுவனங்கள் சேர்ந்து அதைச் செய்தன.

இத்தனை பெரிய தொகையில் வறட்சி தாங்கும் பகுதியை எப்படி அடையாளம் காண்பது? அதற்குத்தான் குறிப்பான். ஒரு வீட்டுக்கு வழி சொல்லும்போது 'பிள்ளையார் கோயிலுக்கு அடுத்த வீடு' என்கிறோம் அல்லவா, அதுதான் குறிப்பான் செய்யும் வேலை. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கோயிலுக்குத் தெரியாது. ஆனால் கோயிலைக் கண்டுபிடித்தால் வீட்டை நெருங்கிவிட்டோம். குரோமோசோமில் நமக்கு வேண்டிய பகுதிக்குப் பக்கத்தில், இரண்டு பெற்றோரிடமும் வேறுபட்டு இருக்கும் ஒரு சிறு எழுத்துத் தொடர். அதைப் பிசிஆர் என்ற டிஎன்ஏ நகலெடுக்கும் முறையில் பெருக்கி, மின்சாரம் பாயும் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால் எந்தப் பெற்றோரின் துண்டு வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். குறிப்பான் வெகுதூரத்தில் இருந்தால் ஆபத்து: குரோமோசோம்கள் துண்டுகளைப் பரிமாறிக்கொள்ளும்போது குறிப்பான் ஒரு பக்கமும் வேண்டிய பகுதி இன்னொரு பக்கமும் பிரிந்து போகலாம். அதனால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குறிப்பான் வைத்துக்கொள்கிறார்கள்.

ஜெல்லைப் புறஊதா விளக்கின் மேல் வைத்ததும் ஆரஞ்சு நிறக் கோடுகள் தெரிந்தன. முதல் தடத்தில் விளைச்சல் ரகத்தின் கோடு சற்று மேலே. இரண்டாவது தடத்தில் எச்ஐ 1500-இன் கோடு சற்றுக் கீழே. அடுத்து வந்தவை பிள்ளைகள். சிலவற்றில் மேல்கோடு மட்டும்; அவை கழிக்கப்படும். சிலவற்றில் இரண்டு கோடுகளும்; அவைதாம் சிவப்பு நூல் கட்டியவை. "எட்டாவது தடம் பாருங்கள் அக்கா, மங்கலாக ஒரு கீழ்க்கோடு. அதனால்தான் மறுபடி ஓட்டினேன்" என்றார். அது நூல் கட்டப்படாத செடி. நாளைக் காலை முதல் வேலையாக அதற்கும் நூல் கட்டுவார்.

பிற்கலப்புக் கணக்கு எளிது. முதல் கலப்பில் பிள்ளைக்கு இரு பெற்றோரும் பாதிப் பாதி. அதை விளைச்சல் ரகத்தோடு திரும்பக் கலந்தால் சராசரியாக 75 சதவீதம் விளைச்சல் ரகம். மறுபடி கலந்தால் 87.5, அடுத்து 93.75. இது சராசரி மட்டுமே. குரோமோசோம்கள் முழுக்கப் பரவிய குறிப்பான்களை வைத்துப் பார்த்தால், இரண்டாம் பிற்கலப்பிலேயே சராசரியைத் தாண்டிப் போயிருக்கும் செடி கிடைக்கும். வேண்டிய பகுதியும் வந்திருக்க வேண்டும், வேண்டாதது குறைந்தும் இருக்க வேண்டும்: இரண்டையும் ஒரே இலையில் தெரிந்துகொள்ளலாம். வறட்சிக்கு இதைவிடப் பெரிய லாபம் எது? குறிப்பான் இல்லாத காலத்தில் ஒரு செடி வறட்சி தாங்குமா என்று அறிய அதை வறட்சியில் வளர்த்து, அறுத்து, எடை போட்டாக வேண்டும். அதற்குள் அதைக் கலக்கும் பருவம் தாண்டிவிடும். இப்போது தண்ணீர் ஊற்றி வளர்த்த செடியிலேயே, பூப்பதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

மாலையில் நானாஜி தேஷ்முக் பெயரிலான பயிர்ப் பண்பாய்வு மையத்தையும் பார்த்தேன், 2017-இல் திறந்தது. தொட்டிகள் நகரும் பட்டையில் வரிசையாக வருகின்றன. ஒவ்வொன்றையும் எடை போட்டு, குடித்த தண்ணீரைக் கணக்கிட்டு, கேமராக்கள் படம் எடுக்கின்றன. பிரமாதமான இடம். ஆனாலும் தொட்டியில் வேர் போகும் ஆழத்துக்கு எல்லை உண்டு, வயலுக்கு இல்லை. என் மனம் வயலின் பக்கம்தான்.

புதன், கர்னால்

பஸ்ஸில் ஜிடி சாலை வழியே வடக்கே வந்தேன். சாலையின் இருபுறமும் பச்சை. ஓர் அங்குலம் காயவில்லை. வறட்சிக் கோதுமையைப் பற்றிப் பேச இந்த ஊருக்கு ஏன் வர வேண்டும் என்று யாரும் கேட்கலாம். ஹரியானாவில் கோதுமை ஏறக்குறைய முழுதும் பாசனம்தான். ஆனால் அந்தத் தண்ணீர் பெரும்பாலும் நிலத்தடியிலிருந்து வருகிறது. கோடையில் நெல், குளிர்காலத்தில் கோதுமை என்று பல பத்தாண்டுகள் உறிஞ்சியதில் மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது. ஐந்து தண்ணீர் பாய்ச்சும் இடத்தில் இரண்டு தண்ணீரோடு நிறுத்தினாலும் விளைச்சல் விழாத ரகம் வேண்டும். வறட்சி தாங்கும் கோதுமையை நான் ஏழை மானாவாரிக்காரரின் பயிர் என்று மட்டும் பார்க்கவில்லை. பம்புசெட் வைத்திருப்பவருக்கு அது இன்னும் அவசரம்.

இங்கேதான் இந்தியக் கோதுமை மற்றும் பார்லி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. நாட்டைக் கோதுமைக்காக ஐந்து மண்டலங்களாகப் பிரித்து, புதிய ரகங்களின் சோதனைகளை ஒருங்கிணைப்பது இவர்கள்தாம். வரிசை வரிசையாகச் சிறு பாத்திகள். ஒவ்வொன்றிலும் ஓர் எண் பலகை. மூத்த களப்பணியாளர் ஒருவர் விதைத்து 21 நாள் ஆனதும் பாய்ச்சும் தண்ணீரைப் பற்றி விளக்கினார். அப்போதுதான் மேல்வேர்கள் இறங்கும். ஒரே ஒரு தண்ணீர்தான் இருக்கிறது என்றால் அதை அந்த நாளில் கொடுக்க வேண்டும். 'வரையறுக்கப்பட்ட பாசனம்' என்று பலகை வைத்த பாத்திகளுக்கு அதற்கு மேல் ஒன்றோ, எதுவும் இல்லையோதான்.

குறிப்பான் முறை கோதுமையில் முதலில் வென்றது துரு நோய்க்கு எதிராகத்தான். லூதியானாவின் புகழ்பெற்ற பிபிடபிள்யூ 343 துருவுக்கு இரையானபின், எதிர்ப்பு மரபணுக்களைக் குறிப்பான் வழியே புகுத்தி 'உன்னத் பிபிடபிள்யூ 343' என்று 2017-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். துருவை எதிர்க்க ஒரு மரபணு, இரண்டு மரபணு போதும். இருந்தால் இலை சுத்தம், இல்லாவிட்டால் இலை முழுக்கக் கொப்புளம். வறட்சி அப்படியல்ல. வேரின் ஆழம், இலைத்துளை மூடும் வேகம், பூக்கும் நாள், தண்டில் சேர்த்த சர்க்கரையைக் கடைசியில் மணிக்கு அனுப்பும் திறன் என்று ஒவ்வொன்றுக்கும் பல மரபணுக்கள். ஒவ்வொன்றின் பங்கும் சிறிது. ஆய்வாளர்கள் 'க்யூடிஎல்' என்று சொல்வது இப்படிப் பங்களிக்கும் குரோமோசோம் பகுதியைத்தான்.

நெல்லில் இது சற்று எளிதாக நடந்தது. ஐஆர் 64-க்குள் வறட்சியில் விளைச்சல் தரும் இரண்டு பகுதிகளைப் புகுத்திய ரகம் 'டிஆர்ஆர் தான் 42' என்ற பெயரில் 2014-லேயே வந்துவிட்டது. கோதுமை இன்னும் அந்த இடத்துக்கு நடந்துகொண்டிருக்கிறது. பெரிய பங்குள்ள பகுதிகள் அரிது. அப்படி ஒன்று 7ஏ குரோமோசோமின் நீண்ட கையில் இருக்கிறது. 'சைனீஸ் ஸ்பிரிங்' என்ற ரகத்தையும் 'எஸ்க்யூ 1' என்ற ரகத்தையும் கலந்த சந்ததியில் கண்டுபிடித்தது. அதை மீரட்டில் சௌத்ரி சரண் சிங் பல்கலைக்கழகத்துக் குழு நான்கு இந்திய ரகங்களுக்குள் கொண்டுவந்தது: எச்யூடபிள்யூ 234, எச்யூடபிள்யூ 468, கே 307, டிபிடபிள்யூ 17. இங்கே தேநீர் நேரத்தில் அந்த வேலையைப் பற்றித்தான் நெடுநேரம் பேச்சு.

2022 மார்ச் மாதத்தையும் யாரும் மறக்கவில்லை. 1901-க்குப் பிறகு இந்தியா கண்ட மிக வெப்பமான மார்ச். மணி பால் பிடிக்கும் நேரத்தில் வெயில் கொளுத்தி, மணி சுருங்கி, மே மாதம் அரசு ஏற்றுமதியையே நிறுத்தியது. தண்ணீர்ப் பஞ்சமும் வெப்பமும் கைகோத்துத்தான் வருகின்றன. தண்ணீர் இழுக்க முடிகிற வேர் உள்ள பயிர்தான் தன்னைக் குளிரவும் வைத்துக்கொள்கிறது.

வியாழன், ரயிலில்

டெல்லியிலிருந்து போபால். சன்னலோரம் கிடைத்தது. மதுரா வரை பச்சை. குவாலியரைத் தாண்டியதும் நுனியில் வெளிறல். ஜான்சிக்குப் பிறகு மஞ்சள், பீனாவில் பொன்னிறம். ஒரே பயிர், ஒரே நாள். வடக்கே இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் மிச்சமிருக்கும் பயிர், இங்கே சூட்டுக்கு முந்திக்கொண்டு முற்றிவிடுகிறது. முந்திப் பூத்துத் தப்பிப்பது ஒரு வழி. நின்று தாங்குவது வேறு வழி. குறிப்பான் தேடும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால், வறட்சி மரபணு என்று நினைத்து வெறும் பூக்கும் நாளின் மரபணுவைப் பிடித்துவிடுவார்கள்.

வெள்ளி, சீஹோர்

போபாலுக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டர். கரிசல் மண். கோவில்பட்டிப் பக்கம் பார்த்த அதே கறுப்பு, அதே வெடிப்பு. வெடிப்புக்குள் கையை விட்டால் மணிக்கட்டு வரை போகிறது, அடியில் ஈரம்.

சர்பதி கோதுமையின் ஊர் இது. 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சர்பதி என்ற பெயரில் இங்கே பெருமளவில் விளைவது சி 306. நான் போன வீட்டுப் பெரியவரைக் 'காகாஜி' என்றே அழைத்தேன். அவர் என்னைப் 'பேட்டி' என்றார். தகர டப்பாவிலிருந்து ஒரு பிடி எடுத்து என் உள்ளங்கையில் கொட்டினார். மணிகள் தேன்நிறத்தில், வெளிச்சம் உள்ளே புகுந்து வருகிற மாதிரி மினுங்கின. கையைக் குலுக்கினால் கல் உரசுகிற ஒலி. ஒன்றைக் கடித்துப் பார்க்கச் சொன்னார். பல்லுக்குக் கடினம், நெடுநேரம் மென்றால் இனிப்பு. வீட்டில் சுட்டுத் தந்த ரொட்டி மதியத்துக்கு மேலும் மெத்தென்றே இருந்தது. நகரத்துக் கடைகள் இதற்குச் சாதாரணக் கோதுமையைவிட அதிக விலை தரக் காரணம் இருக்கிறது.

சி 306-இன் கதை எனக்கு வெகுவாகப் பிடித்த கதை. பிரிவினைக்கு முன்பு லயால்பூரில், இன்றைய பைசலாபாத்தில், சி 591 போன்ற பெரும் ரகங்களைத் தந்தவர் ராம்தன் சிங். அவர் உருவாக்கிய சி 306 வெளியானது 1965-இல். அடுத்த ஆண்டே மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதை கப்பலில் வந்து இறங்கியது. நாடு முழுதும் பசி. உரமும் தண்ணீரும் கொடுத்தால் கொட்டும் குட்டை ரகங்களின் பின்னால் போனதைத் தவறென்று சொல்லமாட்டேன். அந்தக் கோதுமை கோடிக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்டது. ஆனால் தண்ணீர் இல்லாதவர்களிடம் சி 306 தங்கிவிட்டது. அவர்கள் அதைக் கைவிடாததால்தான் இன்று ஆய்வகங்களுக்கு எடுத்துப் பார்க்க ஏதோ மிச்சம் இருக்கிறது. அவர்களுக்கு இந்த நாடு கடன்பட்டிருக்கிறது.

வயலுக்குப் போனோம். பயிர் என் மார்பு உயரம். ஒரு மூலையில் போன வாரம் பெய்த மழைக்காற்றில் படுத்துவிட்டிருந்தது. அதுதான் சி 306-இன் குறை: உயரம். உரம் கூடினாலோ தண்ணீர் கூடினாலோ நிற்காது. துருவுக்கும் எளிதில் இடம் கொடுக்கும். ஆனால் அந்த உயரத்தோடு ஒரு வரமும் சேர்ந்தே வருகிறது. மெக்சிகோ ரகங்களைக் குட்டையாக்கிய மரபணுக்கள், ஜப்பானின் நோரின் 10 ரகத்திலிருந்து வந்தவை, முளையின் உறையையும் குட்டையாக்கிவிடுகின்றன. ஆழமாக விதைத்தால் முளை மேலே வராது. சி 306-இன் முளையுறை நீளம். அதனால் அக்டோபர் கடைசியில் மேல்மண் உலர்ந்திருந்தாலும், ஈரம் இருக்கும் ஆழத்தில் காகாஜி விதையைப் போட முடிகிறது. பருவமழை விட்டுச்சென்ற ஈரத்திலேயே முளைத்து, அதன் பின்னாலேயே வேர் இறங்குகிறது. இந்த ஆண்டு ஒரே ஒரு தண்ணீர் கொடுத்தாராம், அதுவும் பக்கத்து வயல்காரர் கிணற்றிலிருந்து.

சி 306-ஐ டபிள்யூஎல் 711 என்ற ரகத்தோடு கலந்து, பிறந்த சந்ததிகளை வறட்சியில் வளர்த்துக் குறிப்பான் வரைபடம் போட்டிருக்கிறார்கள் நம் ஆய்வாளர்கள். தண்டிலிருந்து மணிக்குச் சர்க்கரை அனுப்பும் திறன் எங்கே, விளைச்சல் காக்கும் பகுதி எங்கே என்று தேடியது அந்த வேலை. குட்டை மரபணுக்களுக்கோ குறி தவறாத குறிப்பான்கள் எப்போதோ வந்துவிட்டன. முளையுறையைக் குட்டையாக்காமல் தண்டை மட்டும் குட்டையாக்கும் வேறு மரபணுக்களும் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் அவற்றைக் குறிப்பான் வழியே தேர்ந்து ஆழ விதைக்கும் கோதுமை உருவாக்குகிறார்கள். கரிசல் மானாவாரிக்கு இதைவிடப் பொருத்தமான ஆராய்ச்சி எனக்குத் தோன்றவில்லை. இந்தியாவிலும் இதற்குப் பணமும் ஆளும் இன்னும் அதிகமாக ஒதுக்க வேண்டும்.

காகாஜியின் மகன் நேரடியாகக் கேட்டார்: "நீங்கள் சொல்லும் கோதுமை மரபணு மாற்றியதா?" இல்லை என்றேன். கோதுமையின் பூவில் கோதுமையின் மகரந்தத்தைத் தூவி, பிறந்த பிள்ளைகளில் எதை வைத்துக்கொள்வது என்று பார்க்க மட்டுமே ஆய்வகம். வேறு உயிரின் மரபணு ஏதும் நுழைவதில்லை. மரபணு மாற்றிய வறட்சிக் கோதுமை வேறு. சூரியகாந்தியின் மரபணுவைச் சேர்த்த எச்பி 4 கோதுமைக்கு 2020-இல் அர்ஜென்டினா அனுமதி கொடுத்தது. அவர் சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால் நான் விதையை எடுத்து வைத்து மறு ஆண்டும் விதைக்கலாம்?" என்றார். விதைக்கலாம், தன் மகரந்தத்தில் கருவுறும் பயிர், குணம் மாறாது. அந்தப் பதிலில்தான் அவருக்கு முகம் மலர்ந்தது.

சனி, இந்தூர்

இந்தூர் இருக்கும் மால்வா பூமியில் கால் எட்டி வைக்கும் இடமெல்லாம் ரொட்டி, அடிக்கு அடி தண்ணீர் என்று பழமொழி உண்டு. ரொட்டி இருக்கிறது, தண்ணீருக்கு ஆழ்துளைக் கிணறு.

பூசாவின் இந்தூர் நிலையம் 1951-இல் தொடங்கியது. பெயரில் 'எச்ஐ' என்று வரும் ரகங்கள் எல்லாம் இங்கே பிறந்தவை: அம்ருதா என்ற எச்ஐ 1500, ஹர்ஷிதா என்ற எச்ஐ 1531, மால்வா கீர்த்தி என்ற எச்ஐ 8627. டெல்லி வயலில் பெற்றோராகப் பார்த்த எச்ஐ 1500-ஐ அதன் சொந்த மண்ணில் பார்க்கத்தான் இவ்வளவு தூரம்.

நண்பகலில் ஓர் ஆய்வாளரோடு வயலில் இறங்கினேன். கையில் துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானி. வானம் தெளிவாக இருக்க வேண்டும், காற்று அடங்கியிருக்க வேண்டும், நம் நிழல் பாத்தியில் விழக்கூடாது. தண்ணீர் காட்டாத இரண்டு பாத்திகள் அடுத்தடுத்து. முதலில் விளைச்சல் ரகம்: அளந்தார், எழுதினார். அடுத்து எச்ஐ 1500: ஒரு டிகிரிக்கும் மேல் குறைவு. ஒரே வெயில், ஒரே மண். அடியாழத்தில் வேர் இன்னும் தண்ணீர் எடுத்துக்கொண்டிருக்கிறது, இலை வியர்த்துக்கொண்டிருக்கிறது, அதனால் குளிர்ந்திருக்கிறது. இலையைத் தொட்டுப் பார்த்தேன். கைக்கு அந்த வித்தியாசம் தெரியாது, கருவிக்குத் தெரிகிறது. அடுத்த பாத்தி எச்ஐ 1500-இன் பகுதிகளை ஏந்திய பிற்கலப்புச் சந்ததி. அதற்கடுத்தது இன்னொன்று. ஒன்று குளிர்ந்திருந்தது, மற்றது இல்லை. குறிப்பான் இரண்டிலும் இருக்கிறது என்றார் ஆய்வாளர்.

அந்த இடத்திலேயே நின்று நெடுநேரம் பேசினோம். ஒரு பகுதி ஒரு ரகத்தின் பின்னணியில் வேலை செய்யும், இன்னொன்றில் அடங்கிக் கிடக்கும். டெல்லியின் மணல் கலந்த மண்ணில் கண்டுபிடித்த பகுதி கரிசலில் எதுவும் செய்யாமல் போகலாம். கடைசி நேர வறட்சிக்கு உதவுவது, முளைக்கும்போது வரும் வறட்சிக்கு உதவாது. பிப்ரவரியில் ஒரு மழை பெய்துவிட்டால் அந்த ஆண்டு வறட்சிச் சோதனையே கெட்டுவிடும். அதற்காகத்தான் மழை வந்தால் நகர்ந்து மூடும் கூரைகளை டெல்லியில் வைத்திருக்கிறார்கள். வரைபடம் போட்ட அன்று வயலில் தண்ணீரை எவ்வளவு ஒழுங்காக நிறுத்தினார்கள், எத்தனை பாத்திகளில் திரும்பச் செய்தார்கள், எத்தனை ஆண்டு செய்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் குறிப்பானுக்கு மதிப்பு. ஜெல்லில் தெளிவான கோடு விழலாம். அது சுட்டும் வயல் அளவு தவறாக இருந்தால் தவறான செடிக்கே சிவப்பு நூல் கட்டுவோம். குறிப்பான் ஆய்வகங்களுக்குக் கொடுக்கும் பணத்துக்குச் சமமாக, இப்படி நண்பகலில் பாத்தி பாத்தியாக நடப்பவர்களுக்கும் கொடுத்தால்தான் இந்த வேலை முழுமை பெறும். நான் பார்த்த நிலையங்களில் களப்பணியாளர்கள் பெரும்பாலும் ஓய்வுபெறும் வயதில் இருந்தார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிவது புதியவர்களுக்குக் கைமாற வேண்டும்.

சிறு பங்குள்ள மரபணுக்களை ஒவ்வொன்றாகத் துரத்தாமல், ஆயிரக்கணக்கான குறிப்பான்களை ஒருசேரக் கணக்கில் எடுத்து ஒரு செடியின் விளைச்சலை முன்கூட்டியே மதிப்பிடும் முறையும் இப்போது வேகம் பிடித்திருக்கிறது. அதற்கும் தீனி இதே வயல் அளவுகள்தாம்.

அடுத்து என்ன நடக்கும் என்று கேட்டேன். ஏப்ரலுக்குள் இந்தச் சந்ததிகளை அறுத்து, எடை போட்டு, குளிர்ந்திருந்தவற்றையும் விளைந்தவற்றையும் மட்டும் எடுப்பார்கள். அந்த விதையில் ஒரு பங்கு நேராக நீலகிரிக்கு, வெலிங்டன் நிலையத்துக்குப் போகிறது. சுமார் 1,850 மீட்டர் உயரம். கோடையிலும் கோதுமை வளரும். மே மாதம் விதைத்தால் அக்டோபருக்குள் அறுத்து, நவம்பர் விதைப்புக்கு வடக்கே அனுப்பிவிடலாம். ஓராண்டில் இரண்டு தலைமுறை. நம் ஊர்க் கடைகளில் விற்கும் சம்பா கோதுமையையும் இந்த நிலையம் பல காலமாக ஆராய்ந்துவருகிறது. துரு நோய்க்கும் நீலகிரி நிரந்தர வீடு. கோடையில் வடக்கே பயிர் இல்லாதபோது துரு இந்த மலைகளில் தங்கியிருந்து பிறகு பரவுகிறது என்று துரு நோய் ஆய்வாளர் கே.சி. மேத்தா ஆராய்ந்து சொன்னது இன்றும் பாடம். எனவே வெலிங்டனில் இந்தச் செடிகளுக்குத் துருத் தேர்வும் சேர்த்தே நடந்துவிடும். வறட்சி தாங்கியும் துருவுக்கு விழுவதை அங்கேயே கழித்துவிடலாம். தேறியவை மூன்று ஆண்டு அகில இந்தியச் சோதனைக்குப் போகும்; அதன் பிறகே விவசாயியின் கைக்கு வரும்.

ஜூன் மாதம் வெலிங்டனில் மறுபடி இலை கிள்ளுவார்கள். அப்போது அங்கே இருக்க அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். தருமபுரிப் பெண்ணும் தன் விதைகளோடு வருகிறார்.